கையில் கொடுக்காத கத்தி

என் அப்பாவும் என் தாய்மாமாவும் ஏறக்குறைய ஒரு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அப்படிப் பேசாத இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிக் கும்பகோணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், எனக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இது என் அம்மா போட்ட உத்தரவு. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. என்னை அனுப்பியதற்குப் பதிலாக ஒரு கலெக்டரை அனுப்பியிருந்தால் அவர் பாதி வழியில் இறங்கி ஓடியிருப்பார்.

கத்தி எதற்கென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குச் சாரணியர் படை ஒன்று இருந்தது. அந்த வருஷம் அரைப்பரீட்சை லீவில் தரங்கம்பாடிக் கடற்கரையில் முகாம் என்று அறிவித்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கடலையே பார்த்ததில்லை. காவிரித் தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்கால் வழியாக தினமும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாத்துகூட வாய்க்காலில் இறங்கினால் எப்படியும் ஒருநாள் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு மட்டும் வழியில்லாமல் இருந்தது.

"யூனிபார்ம், விசில், கயிறு, மடக்குக் கத்தி. கத்தி இல்லாத பொண்ணு பஸ்ல ஏறக் கூடாது. சாரணின்னா எதுக்கும் தயாரா இருக்கணும்" என்றார் எங்கள் சாரணியர் டீச்சர். அவர் சொன்னால் சொன்னதுதான். போன முகாமில் விசில் கொண்டுவராத ஒருத்தியை பஸ் படியிலிருந்து இறக்கிவிட்டவர் அவர்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"பொண்ணுக்கு மொதமொத இரும்பு வாங்கறதுன்னா தாய்மாமன்தான் வாங்கணும். அதுதான் மொறை. அதுக்காக அப்பா இல்லாம வாங்கினா அப்பாவுக்குக் கொறச்சல். ரெண்டு பேரும் சேந்து போவணும், சேந்து வாங்கணும், சேந்து என் வாசப்படி ஏறி வந்து என்கிட்ட குடுக்கணும். இல்லேன்னா கேம்ப்பும் கிடையாது, கடலும் கிடையாது."

பெண்ணுக்கு முதல் இரும்பு தாய்மாமன் வாங்க வேண்டும் என்று ஒரு முறை இருப்பதாக நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, அதற்குப் பின்பும் கேட்டதில்லை. அடுப்பைப் பார்த்தபடி அம்மா அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய முறை அது. நான் அழுதேன். தரையில் உட்கார்ந்து காலை உதைத்தேன். "எம்மா, அவங்க ரெண்டு பேரும் ஒரு தெருவுலகூட சேந்து நடக்க மாட்டாங்கம்மா!" என்று கத்தினேன். "அப்ப நீயும் போவாத" என்றாள் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. அம்மாவுக்கு வேண்டியது கத்தி இல்லை, தம்பி என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சண்டை போன தை மாதம் வந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக வேண்டும் என்று செங்கொடிக்காரர்கள் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்த காலம். கிழக்கே சில ஊர்களில் இதை வைத்து நடந்ததெல்லாம் சிரிக்கிற விஷயம் இல்லை, அதில் நான் வாயை வைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அப்பா கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகை நிலமும் பார்த்தவர். புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த கட்சியின் கறுப்பு சிவப்புக் கரைவேட்டியைத் துவைக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கட்டியிருப்பார். மாமா அம்மாவின் ஒரே தம்பி, கல்யாணம் ஆகாதவர், கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர்ச் செங்கொடிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஊரில் எத்தனையோ பேருக்கு வயல் இருக்க, மாமா முதல் கொடியை எங்கள் வயல் வரப்பில் கொண்டுவந்து நட்டார். "சொந்த அத்தான்கிட்ட மொதல்ல கேட்டாத்தான் ஊர்ல மத்தவங்ககிட்ட கேக்க எனக்கு வாய் இருக்கும்" என்றார். அது நியாயம்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்பாவுக்கு அப்போது தோன்றவில்லை. கொடியைப் பிடுங்கி, வயல் நடுவில் கண்ணேறுக்காக நிறுத்தியிருந்த வைக்கோல் பொம்மைக்கு மேல்சட்டையாகக் கட்டிவிட்டார். மறுநாள் பார்த்தால் மாமாவின் ஆட்கள் அந்தப் பொம்மையைச் சுற்றி நின்று, தோழருக்கும் அரைப்படி கூலி வேண்டும் என்று கோஷம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரே சிரித்தது. அப்பா வரப்பில் நின்றுகொண்டு, "இன்னையோட உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல! அத்துப்போச்சு!" என்று கத்தினார். "அத்துப்போனது போனதுதான்! உங்க வூட்டுப் படி ஏறினா என்னை ஏன்னு கேளுங்க!" என்று மாமா இன்னொரு வரப்பிலிருந்து கத்தினார். அம்மா நடுவில் மோர்த் தூக்கோடு நின்றாள்.

அன்றிலிருந்து மாமாவுக்குச் சாப்பாடு நான்தான் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோவேன். மாமா மூடியைத் திறக்குமுன் தினமும் அதட்டலாகக் கேட்பார், "இது யாரு வயல் அரிசி?" அம்மா சொல்லிக்கொடுத்தபடி, "ரேஷன் அரிசி மாமா" என்பேன். மாமா ஒரு வாய் போட்டுவிட்டு, "ரேஷன் அரிசின்னாலும் நல்லாத்தான் போடறானுவ" என்று தலையை ஆட்டுவார். இதை நான் ஒருநாள் வாய் தவறி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! "செவப்புக் கொடிக்காரனே நம்ம ஆட்சி அரிசிய நல்லாருக்குங்கறான்" என்று டீக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது அவர் வயலில் விளைந்த அரிசி என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை, அம்மாவுக்கும் தைரியமில்லை.

சரி, கத்திக்கு வருகிறேன். அப்பாவிடம் போய் அம்மாவின் உத்தரவைச் சொன்னேன். "நான் வரேன். அவன் வருவானா?" என்றார். மாமாவிடம் போய்ச் சொன்னேன். "நான் எப்பவும் தயார். அவரு வருவாரா?" என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நாக்குத் தள்ள ஓடினேன். முகாமுக்கு முதல் நாள்தான் ஒருவழியாக இரண்டு பேரும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், ஒருவர் புளியமரத்துக்கு இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். நான் புது யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஸ்கார்ப் கட்டி, விசிலையும் மாட்டியிருந்தேன். கத்தி வாங்கப் போவதற்கு யூனிபார்ம் எதற்கு என்று கேட்காதீர்கள். புதிது, போட்டேன்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் நடுவில். கண்டக்டர் வந்தார். அப்பா, "எனக்கும் எம்பொண்ணுக்கும்" என்று இரண்டு டிக்கெட் வாங்கினார். உடனே மாமா, "எனக்கும் எங்க அக்கா மகளுக்கும்" என்று இரண்டு டிக்கெட் வாங்கினார். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாப்பா, ரெண்டு டிக்கெட்டுக்கும் ஒரு சீட்டுதான்" என்றார்.

கொள்ளிடக்கரைக் காற்று சிலுசிலுவென்று ஜன்னலில் அடித்தது. "அந்தாளுக்கு இருமல், ஜன்னலைச் சாத்தச் சொல்லு" என்றார் அப்பா, நேரே கண்ணாடியைப் பார்த்தபடி. "மாமா, அப்பா ஜன்னலைச் சாத்தச் சொல்றாரு" என்றேன். "எனக்கு இருமல்னு அவருக்கு யாரு சொன்னாங்களாம்?" என்றார் மாமா. "அப்பா, மாமாவுக்கு இருமல்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றேன். "சைக்கிள் கடையத் தாண்டிப் போறப்பல்லாம் ஊருக்கே கேக்குதே, எனக்குக் காது இல்லியா?" என்றார் அப்பா. நான் திரும்பி மாமாவிடம் வாயைத் திறப்பதற்குள் மாமா ஜன்னலைச் சாத்திவிட்டார். கும்பகோணம் வரை இப்படியேதான். இறங்கும்போது எனக்குத்தான் தொண்டை கட்டியிருந்தது.

பெரிய கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடை. வாளி, மண்வெட்டி, கடப்பாரை, பூட்டு என்று கடை வாசல் வரை பிதுங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கதர்ச் சட்டைக்காரர், எங்கள் மூன்று பேரையும் பார்த்ததுமே முகம் மலர்ந்து, ஒரு தட்டில் மடக்குக் கத்திகளைக் கொட்டிப் பரப்பினார். எதை எடுப்பதென்றே எனக்குத் தெரியவில்லை, எல்லாமே அழகாக இருந்தன. கை வைத்த முதல் கத்திக்குச் சிவப்புப் பிடி.

"அது வேணாம்னு சொல்லு" என்றார் அப்பா. "என் வூட்டுக்குள்ள செவப்பு வராது."

கறுப்பும் சிவப்புமாகப் பாதிப் பாதி நிறம் போட்ட பிடி ஒன்று இருந்தது. அப்பா ஆசையாகக் கையை நீட்டினார். "ஆட்சிதான் வந்துடுச்சில்ல? புள்ள கத்தியிலயும் கட்சி வேணுமான்னு கேளு" என்றார் மாமா, கடப்பாரையைப் பார்த்துக்கொண்டு. அப்பா கையை இழுத்துக்கொண்டார். வெறும் கறுப்புப் பிடி ஒன்றை எடுத்தேன். "அது சாமி இல்லேங்கறவங்க கலரு, உங்கம்மா படியிலயே நிறுத்திடுவா" என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். கடைக்காரர் ஓரமாக வெள்ளையில் ஆரஞ்சும் பச்சையும் கோடு போட்ட ஒன்றை மெதுவாக நகர்த்திவிட்டுத் தன் கதர்ச் சட்டையை நீவிக்கொண்டார். அதை இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், கதர்க்காரர் தன் கட்சி தேர்தலில் தோற்ற துக்கத்தில் இருந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "குச்சி சீவற கத்திக்கு என்னப்பா கட்சி?" என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைக்காரர் சளைக்கவில்லை. உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்தார். "இது ஸ்பெஷல் சரக்கு" என்று ஒரு குண்டுக் கத்தியை எடுத்து ஒவ்வொன்றாக விரித்தார். கத்தி வந்தது, சின்ன ரம்பம் வந்தது, கரண்டி வந்தது, முள்கரண்டி வந்தது. கடைசியாக முறுக்கிவிட்ட கம்பி ஒன்று வந்தது. "இது என்ன?" என்று கேட்டேன். "அதுவா பாப்பா, பாட்டில் மூடிக்கு உள்ள விட்டுத் திருகி இழுத்தா தக்கை வந்துடும். பிராந்தி பாட்டில் மாதிரி" என்றார் கடைக்காரர், ரொம்பச் சாதாரணமாக.

மதுவிலக்கு அமலில் இருந்த நாள் அது. எங்கள் ஊரில் பிராந்தி என்ற சொல்லை ஆண்களே வாயைப் பொத்திக்கொண்டுதான் சொல்வார்கள். "யோவ்! பொம்பளப் புள்ள கையில சாராயம் தொறக்கறதுக்குக் கருவி குடுப்பியா நீ?" என்று அப்பா பாய்ந்தார். "அதுவும் பள்ளிக்கூடத்துப் புள்ள! கதர் போட்டுக்கிட்டு என்னய்யா வேலை இது?" என்று மாமா அதே மூச்சில் பாய்ந்தார். கடைக்காரர் கைகூப்பினார். ஒரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குக் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. அது அவர்களுக்கே ஒரு மாதிரியாகப் போய்விட்டது. அப்பா பூட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தார், மாமா வாளிகளை எண்ண ஆரம்பித்தார்.

அடுத்து கடைக்காரர் பதற்றத்தில் எதையோ எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். டப்பென்று ஒரு சாண் கத்தி வெளியே பாய்ந்தது. அப்பா பின்னால் தாவி வாளி அடுக்கின் மேல் விழுந்தார். வாளிகள் தெருவில் உருண்டோடின. மாமா ஓடிப் பிடிக்கப் போனார். நான் வாயில் ஸ்கார்பை வைத்துச் சிரிப்பை அடக்கினேன். "அது ரவுடிங்க வச்சிக்கிறது, தெரியாம எடுத்துட்டேன்" என்றார் கடைக்காரர், வேர்த்து வழிந்தபடி.

கடைசியில் மாட்டுக்கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்று கிடைத்தது. பழுப்பு நிறம். எந்தக் கட்சிக்கும் அந்த நிறத்தில் கொடி கிடையாது. அப்பா அதன் கூர்மையைப் பார்க்க, தன் முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்தார். மாமா மடியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துச் சீவிப் பார்த்து, சீவலை வாயில் போட்டுக்கொண்டார். பாக்கோடு அப்பாவின் மயிரையும் தின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. "தேவலாம்னு சொல்லு" என்றார் அப்பா. "ஆமாம்னு சொல்லு" என்றார் மாமா. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் கடைக்காரரிடம் சொன்னேன். காசை ஆளுக்குப் பாதியாகப் போட்டார்கள். தாய்மாமன் முறை என்று மாமா கத்தியைக் காகிதப் பொட்டலமாகத் தன் துண்டில் முடிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது என் மனதெல்லாம் கடல்தான். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, இனி வாசற்படி ஏறிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மாமா படி ஏறுவாரா? ஏறினால் என்னை ஏன் என்று கேளுங்கள் என்று சபதம் போட்டவர் அல்லவா! அவர் வாசலிலேயே என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். டீச்சரின் பஸ் விடிந்ததும் புறப்பட்டுவிடும். நான் மனசுக்குள் எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர் விலக்கில் இறங்கினோம். அங்கே ஒரு போலீஸ் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். மறுபடியும் அறுப்பு நெருங்குகிறது, சண்டை வரும் என்று தடை உத்தரவு போட்டிருந்தார்கள். கம்பு, கத்தி, அரிவாள் எதையும் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. அரிவாள் இல்லாமல் எதை வைத்து அறுப்பதாம் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. கத்தி வாங்கும் மும்முரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அந்தத் தடை உத்தரவே மறந்துபோயிருந்தது.

"துண்டுல என்னய்யா முடிச்சு?" என்றார் ஏட்டு.

மாமா அவிழ்த்தார். கத்தியைப் பார்த்ததும் ஏட்டுக்கு மீசை நிமிர்ந்தது. "அட! நீ சங்கத்து ஆளு. கூட வர்றவரு மிராசுதாரு. நடுவுல கத்தி. நல்லாருக்குய்யா கதை!"

"மிராசுதாரா? நான் குத்தகைக்காரன்ங்க" என்று அப்பா பதறினார்.

நான் முன்னால் பாய்ந்து மூன்று விரலை நெற்றியில் வைத்து ஒரு சல்யூட் அடித்தேன். பழக்கதோஷத்தில் விசிலையும் ஊதிவிட்டேன். ஏட்டு திடுக்கிட்டு எனக்குத் திருப்பி சல்யூட் அடித்துவிட்டார். "சார், கத்தி என்னுது சார்! நாளைக்கு சாரணியர் கேம்ப் சார்! தரங்கம்பாடி சார்!" என்றேன்.

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி. ஆனா சங்கத்து ஆளு கையில கத்தியோட ஊருக்குள்ள போனா நாளைக்கு என் தொப்பிதான் போகும். பாப்பாவும் சின்னப் புள்ள. யோவ், அத அவருகிட்ட குடுத்துடு. பெரியவரு எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

அப்பா கையை நீட்டவில்லை. மாமாவும் கொடுக்கவில்லை. மாமா இரண்டு எட்டு பின்னால் போய், குந்தி உட்கார்ந்து, துண்டை ரோட்டில் விரித்து, கத்தியை அதன்மேல் வைத்துவிட்டு எழுந்து ஒதுங்கி நின்றார்.

"என்னய்யா கீழ வைக்கிற? சரண்டர் ஆவறியா? கையில குடுய்யா!" என்றார் ஏட்டு.

"கையில குடுக்க மாட்டேங்க."

"ஏன், குத்திடுவியா?"

"சார், அவன் செய்யறது சரிதான் சார்" என்று அப்பா அவசரமாகக் குறுக்கே வந்தார். "கத்தியக் கையில குடுக்கப்படாதுங்க. கீழ வச்சித்தான் எடுக்கணும்."

"குடுத்தா என்ன ஆயிடும்?"

"உறவு அத்துப்போயிடும்ங்க!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! ஒரு வருஷமாகச் சோற்றுத் தூக்கைச் சுமந்தது நான். ஜன்னலைச் சாத்து, திற என்று பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்தியது நான். "எந்த உறவுப்பா?" என்று கத்தினேன். "அதான் போன தையிலயே ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அத்துப்போச்சுன்னு ஆளுக்கொரு வரப்புல நின்னு கத்தினீங்களே! இல்லாத உறவு இன்னொரு தடவ எப்பிடி மாமா அத்துப்போவும்?"

ஏட்டு ஒருமுறை அப்பாவைப் பார்த்தார், ஒருமுறை மாமாவைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்பா முகம் சிவந்துபோய்க் கத்தியை எடுக்கக் குனிந்தார். அதே சமயம் துண்டை எடுக்க மாமாவும் குனிந்தார். இரண்டு தலைகளும் டங்கென்று மோதிக்கொண்டன.

"பாத்து மாப்ள!" என்றார் அப்பா.

"வலிச்சிதா அத்தான்?" என்றார் மாமா, அப்பாவின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

இரண்டு பேரும் அப்படியே குந்தியபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். "யோவ், எந்திரிங்கய்யா, அடுத்த பஸ் வருது" என்று ஏட்டுதான் கிளப்பிவிட்டார்.

விலக்கிலிருந்து ஊருக்கு வயல் நடுவே நடை. நெல் தலைசாய்ந்து நின்றது. சமாதானமாகிவிட்டார்கள், இனிக் கொஞ்சிக் குலாவுவார்கள் என்று நினைத்தேன். எங்கே! பத்தடி போவதற்குள் அரைப்படிக் கூலிச் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். "உரம் விக்கிற விலைக்கு அரைப்படியா?" என்று அப்பா கத்த, "அறுக்கறவன் வயித்துக்கு உரம் போடறது யாரு?" என்று மாமா கத்த, கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. ஆனால் "அவன்கிட்ட சொல்லு" இல்லை, "அவரைக் கேளு" இல்லை. நேருக்கு நேர். எனக்கு நடுவில் வேலையே இல்லை. சந்தோஷத்தில் முன்னால் குதித்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். தெருமுனையில் கேட்ட சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் உள்ளே ஓடி இரண்டு இலையைப் போட்டுவிட்டாள். மாமா கத்திக்கொண்டே படி ஏறினார், கத்திக்கொண்டே கால் கழுவினார், கத்திக்கொண்டே இலையில் உட்கார்ந்தார். சபதம் ஞாபகமே இல்லை. கத்தியைக்கூட இரண்டு பேரும் கத்திக்கொண்டேதான் அம்மாவின் முன்னால் தரையில் வைத்தார்கள். ஒரு வாய் சாப்பிட்டதும்தான் சத்தம் நின்றது.

"இது யாரு வயல் அரிசிக்கா?"

"நம்ம வயலுதான்டா" என்றாள் அம்மா.

"ரேஷன் அரிசி மாதிரியே இருக்கு" என்றார் மாமா.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீக்கடையில் தான் பேசியதையெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார் கடைசியில்.

கடலைப் பார்த்தேன். அம்மாடி! எங்கள் வாய்க்காலெல்லாம் சேர்ந்தா இப்படி ஆயிற்று என்று வாயைப் பிளந்து நின்றேன். கூடாரம் அடிக்கும்போது என் சிநேகிதி ஒருத்தி கயிறு அறுக்கக் கத்தி கேட்டாள். அவள் உயிர்ச் சிநேகிதி. கையில் கொடுப்பேனா? ஈர மணலில் கீழே வைத்து, "எடுத்துக்க" என்றேன். அவள் குனிவதற்குள் ஒரு அலை வந்தது. போகும்போது கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் முட்டியளவு தண்ணீரில் துழாவியும் கிடைக்கவில்லை. "கையில குடுக்கறதுக்கென்னடி?" என்று டீச்சர் கத்தினார். "குடுத்தா சிநேகம் அத்துப்போயிடும் டீச்சர்" என்று அழுதேன். டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டியதில் அந்தச் சிநேகிதி முகாம் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து, உதை நிச்சயம் என்று நடுங்கிக்கொண்டே சொன்னேன். மாமா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கொம்புப் பிடி வழுக்கும்னு அன்னிக்கே சொன்னேனே மாப்ள" என்றார் அப்பா.

"எங்க சொன்னீங்க? நீங்கதான் அப்ப என்கிட்ட பேசவே இல்லையே அத்தான்!"

"மனசுல நெனச்சேன். சரி விடு, வர்ற ஞாயித்துக்கெழம போயி வேற பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். கத்தி எனக்கு, ஆனால் என்னைக் கூப்பிடவே இல்லை. பொழுது சாய வெற்றிலை போட்ட வாயோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். கையில் கத்தி இல்லை. "செவப்புப் பிடிதான் இருந்துச்சு" என்றார் அப்பா. அடுத்த ஞாயிறும் போனார்கள், "கறுப்பு செவப்புதான் இருந்துச்சு" என்றார் மாமா. தை பிறந்தது. மாமா மறுபடியும் எங்கள் வரப்பில்தான் முதல் கொடியை நட்டார். அப்பா மறுபடியும் பிடுங்கினார். ஆனால் இந்தத் தடவை பொம்மைக்குக் கட்டாமல், மடித்து என்னிடம் கொடுத்து சைக்கிள் கடைக்கு அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கத்தி பார்க்கக் கும்பகோணம் போனார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "ஏம்மா, இவங்க எனக்குக் கத்தி வாங்கவே மாட்டாங்களா?" என்று சண்டைக்கு நின்றேன்.

"வாங்கிட்டா அப்பறம் என்னத்துக்குடி சேந்து போவாங்க?" என்றாள் அம்மா. "வாயை மூடிக்கிட்டு அந்த ரெண்டு தட்டையும் கழுவி வை."